பழவேற்காட்டுப் பிள்ளை படிக்கும் வரலாறு

தமிழ்நாட்டு அரசின் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில், ஐரோப்பியர் வருகையைக் கூறும் இடத்தில், பழவேற்காட்டின் பெயர் வருகிறது. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களுடைய அதிகாரத்தின் இருப்பிடமாக அது விளங்கியது. தேர்வுக்கு இவ்வளவு போதும். கோவையிலோ தென்காசியிலோ படிக்கும் பிள்ளைக்கு இது ஒரு மதிப்பெண் வினா. கோட்டைக்குப்பத்திலிருந்தும் ஜமீலாபாத்திலிருந்தும் பள்ளிக்கு நடந்து வரும் பிள்ளைக்கோ, அந்தக் கோட்டை புதர் மண்டிய செங்கல் மேடு. ஊரின் பெயர் அச்சேறியிருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் அவனுடைய முன்னோர் ஒருவரும் இல்லை. கட்டியவர் டச்சுக்காரர், தாக்கியவர் போர்த்துகீசியர், இறுதியில் பெற்றுக்கொண்டவர் ஆங்கிலேயர். நெசவு நெய்தவரும் கப்பல் ஓட்டியவரும் வலை வீசியவரும் எங்கே போனார்கள் என்று கேட்க அவனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

ஒரு பிள்ளை எந்த வரலாற்றைப் படிக்க வேண்டும், எந்தக் குடிமைப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக அடிக்கடி எழுகிறது. பெரும்பாலும் கோபத்தோடு எழுகிறது. மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளுக்கான பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவைகளைப் பற்றிய பாடம் நீக்கப்பட்டு, 2023இல் அது செய்தியானபோது, நம் ஜமாஅத்துகளிலும் அதுவே பேச்சாக இருந்தது. அந்தக் கோபம் நியாயமானதே. முன்னூறு ஆண்டு ஆட்சியைத் தாளிலிருந்து எடுத்துவிட்டால் அது நிகழாமற் போய்விடாது. ஆயினும் பழவேற்காட்டுக் கரையில் நின்று பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. அந்தப் பாடம் முழுமையாக இருந்த காலத்திலும் நாம் அதில் இருந்ததில்லை. தமிழ் முஸ்லிமின் வரலாறு அரியணையின் வரலாறு அன்று. அது பெரும்பாலும் கப்பல், துணி, உப்பு, முத்து, வலை ஆகியவற்றின் வரலாறு. டெல்லியை நீக்கினாலும் சேர்த்தாலும் அது அதே இடத்தில், எழுதப்படாமல் கிடக்கிறது.

குடிமையியல் என்ற பாடத்துக்கே ஒரு பிறப்புக் கதை உண்டு. அதை நம் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது. ஆங்கிலேயர் ஆட்சியில், மக்களிடையே அரசின்மீது பற்றின்மை பெருகிவந்த காலத்தில், கீழ்ப்படிதலையும் விசுவாசத்தையும் வளர்ப்பதற்காக இப்பாடம் பள்ளிக்குள் வந்தது. இதைச் சொன்னவர்கள் எதிர்க்கட்சியினர் அல்லர். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே இதை எடுத்துக்கூறி, குடிமையியல் என்ற பெயரையே விட்டு அரசியல் அறிவியல் என்று மாற்றுமாறு பரிந்துரைத்தது. அதன்பின் மத்திய நூல்கள் பெயரை மாற்றின. தமிழ்நாட்டு நூல்களில் குடிமையியல் அப்படியே தொடர்கிறது. பெயரில் பெரிய தீங்கில்லை. நல்ல குடிமகன் வரிசையில் நிற்பான், வரி செலுத்துவான், வாக்களிப்பான் என்பதோடு பாடம் நின்றுவிட்டால்தான் அந்தப் பழைய நோக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

விடுதலைக்குப் பின் முதலியார் குழு 1952-53இல் வரலாறு, புவியியல், குடிமையியல் ஆகியவற்றைச் சேர்த்து ஒரே சமூகப் பாடமாகக் கற்பிக்கச் சொன்னது. பாடநூல்களை அரசே வெளியிடுவதற்காகத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970இல் தோன்றியது. அதுவரை மாநிலத்தின் பொறுப்பாக மட்டும் இருந்த கல்வி, 1976இன் 42ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போனது. இன்று டெல்லியும் சென்னையும் பாடத்திட்டத்துக்காக வாதிடுவதன் வேர் அங்கே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் போட்டியின் உச்சத்தை நாம் 2011இல் கண்டோம். மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், கீழ்த்திசை என்று நான்காகப் பிரிந்து கிடந்த பாடத்திட்டங்களை ஒன்றாக்க 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. அரபு மொழியைப் பாடமாகக் கொண்ட பள்ளிகளும் கீழ்த்திசைப் பிரிவில் இருந்தமையால் அது நம்மையும் தொட்ட சட்டம். மறு ஆண்டு ஆட்சி மாறியது. புதிய அரசு அச்சட்டத்தை நிறுத்திவைக்கத் திருத்தம் கொண்டுவந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் போய், உச்சநீதிமன்றம் ஆகஸ்ட் 9 அன்று சமச்சீர்க் கல்வியை உறுதிசெய்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தும் ஆகஸ்ட் வரை பிள்ளைகளின் கையில் நூல் இல்லை. வந்த நூல்களிலும் சில பக்கங்களின்மேல் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். முந்தைய ஆட்சியோடு தொடர்புடையவை என்று கருதப்பட்ட பகுதிகள் அவை. பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒட்டிய தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியில் என்ன இருக்கிறது என்று படித்தார்கள். மறைத்த பக்கம்தான் அந்த ஆண்டு அதிகமாகப் படிக்கப்பட்ட பக்கமாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது பழவேற்காட்டுக்கே திரும்புவோம். ஏட்டில் வராமற் போனவை அங்கே என்னென்ன?

டச்சுக்காரர் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது பெருந்துறைமுகம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துகீசியர், முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் வாழ்ந்த, முஸ்லிம்களின் கப்பல்கள் வந்து சேர்ந்த துறைமுகமாக அதை விவரிக்கிறார். விற்கப்பட்டது துணி. பழவேற்காட்டைச் சுற்றியிருந்த ஊர்களில் நெய்து, சாயமேற்றி, கட்டம் போட்ட துணி மலாக்காவுக்குப் போயிற்று. மலாக்காவிலிருந்து சாதிக்காயும் கிராம்பும் வந்தன. 1610இல் டச்சுக்காரர் விஜயநகர மன்னர் வேங்கடரிடம் அனுமதி பெற்று இங்கே வணிகத்தில் இறங்கியது, இந்தத் துணியைக் கொண்டு இந்தோனேசியத் தீவுகளில் மசாலா வாங்குவதற்காகத்தான். 1612இல் போர்த்துகீசியர் அவர்களுடைய பண்டகசாலையை அழித்தார்கள். அதன் பிறகே கோட்டை எழுந்தது. அதாவது கோட்டை துணிக்காக வந்தது. பாடநூல் கோட்டையைச் சொல்லித் துணியை விட்டுவிடுகிறது.

அந்தத் துணி இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் தொழுகைக்கு உடுத்தும் கட்டம் போட்ட சாரத்துக்குக் ‘காயின் பெலெக்காட்’ என்று பெயர். பெலெக்காட் என்பது பழவேற்காடு. நம் கடைகளில் ‘பழையகாட் கைலி’ என்று விற்பதும் அதே பெயர்தான். ஜகார்த்தாவில் ஒருவர் ஜும்ஆவுக்குப் புறப்படும்போது இடுப்பில் கட்டுவது நம் ஏரிக்கரை ஊரின் பெயரை. இதை ஒரு மீனவக் குப்பத்துப் பிள்ளைக்கு வகுப்பறையில் சொன்னால், உலக வரைபடத்தில் மலாக்கா எங்கே இருக்கிறது என்று அவனே தேடமாட்டானா?

வரலாறு இப்படி இனிப்பாக மட்டும் இருந்துவிடுவதில்லை. பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டுகளில், உணவுக்கு வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள், தரகர்கள் வாங்கினார்கள், டச்சுக் கப்பல்கள் பழவேற்காட்டிலிருந்தும் அக்கம்பக்கத் துறைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றிச் சென்றன. ஊரில் இருந்த வெடிமருந்துத் தொழிற்கூடம் தேர்வு வினாவாக வருகிறது. விற்கப்பட்ட மனிதர் வருவதில்லை. டச்சுக் கல்லறைத் தோட்டத்தை மத்தியத் தொல்லியல் துறை காத்து வருகிறது. வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கியிருப்பதைச் சுற்றுலா வருவோர் படமெடுத்துப் போகிறார்கள். கப்பலேற்றப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. தரகு பார்த்தவர்களில் எல்லாச் சமயத்தவரும், எல்லாச் சாதியாரும் இருந்திருக்கக்கூடும் என்பதையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். உங்களுக்கே எதிரானதாயினும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிரானதாயினும், நீதியில் நிலைத்து அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்லுங்கள் என்ற கருத்தை அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் நமக்கு வைத்திருக்கிறது. அது நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் சொன்னதென்று நாம் கருதவில்லை. பெருமையை மட்டும் கேட்டு அரசிடம் போகிற சமூகத்துக்கும், பெருமையை மட்டும் எழுதுகிற அரசுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இன்னொன்று, எழுத்து. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஆகிய இடங்களைப் போலவே பழவேற்காட்டிலும் தமிழை அரபு எழுத்தில் எழுதும் வழக்கம் இருந்தது. அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் அதை அழைக்கிறோம். குர்ஆன் ஓதத் தெரிந்த, ஆனால் பள்ளிக்கூடம் போகாத நம் மூதாட்டிகள் மார்க்கச் சட்டங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் அந்த எழுத்தில்தான் படித்தார்கள். ஆண் துணையின்றியே கல்வி வீட்டின் அடுக்களை வரை போனதற்கு அது சான்று. பாடநூலில் தமிழ் எழுத்தின் வளர்ச்சி பற்றி வரும் இடத்தில் தமிழியும் வட்டெழுத்தும் இருக்கின்றன, இருக்க வேண்டியவையே. அர்விக்கு அங்கே ஒரு வரி கொடுத்தால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது. ஊரின் சின்னப் பள்ளிவாசலில் உள்ள சூரியக் கடிகாரமும் இவ்வாறே. நிழலைக் கொண்டு லுஹருக்கும் அஸருக்கும் நேரம் கணித்த அந்தக் கருவி அறிவியல் வகுப்புக்கும் வரலாற்று வகுப்புக்கும் ஒருசேரப் பொருந்தும்.

குடிமையியலுக்கு வந்தால், ஏரிக்கரைப் பிள்ளைக்கு அதை நாடாளுமன்றத்திலிருந்து தொடங்க வேண்டிய தேவையே இல்லை. பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி, இறால் வரத்து மிகுந்த இடங்கள் பாடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய தலைக்கட்டு ஊர்கள் முறைவைத்து அங்கே வலை கட்டுகின்றன. எந்த நாள் எந்த ஊருக்கு, எந்த இடம் எந்தக் குடும்பத்துக்கு என்பதைச் சீட்டுப் போட்டும் முறை சுற்றியும் தீர்மானிக்கிறார்கள். பிணக்கு வந்தால் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். எழுதப்பட்ட அரசியலமைப்புக்கு முன்பே அங்கே ஒரு சட்டம், ஒரு வாக்குறுதி, ஒரு தண்டனை இருந்தன. அதே முறையில் ஒரு குறையும் உண்டு. பாட்டு உரிமை பிறப்பைப் பின்பற்றி வருகிறது. தலைக்கட்டில் பிறக்காதவர், வேறு சாதியினர், பின்னால் வந்து குடியேறியவர் இறால் நிறைந்த இடத்துக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. கையால் இறால் தடவியோ நண்டு பிடித்தோ அவர்கள் பிழைக்கிறார்கள். மரபு ஒரு பக்கம், அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பு சொல்லும் சமத்துவம் மறு பக்கம். இதைவிடச் சிறந்த குடிமையியல் வினாவை எந்த வல்லுநர் குழு அமைக்க முடியும்?

ஏரி இரண்டு மாநிலங்களுக்கு உரியது என்பதையும் மறந்துவிடலாகாது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. எல்லை நீரின் நடுவே போகிறது. மீன் அதைப் பார்ப்பதில்லை, அதனால் கரைகளுக்கிடையே அடிக்கடி சச்சரவு மூள்கிறது. வடகரைப் பிள்ளை தெலுங்கில் வேறொரு வரலாற்று நூலைப் படிக்கிறான். ஒரே ஏரியைப் பற்றி இரு நூல்கள் என்ன சொல்கின்றன என்று இரு பிள்ளைகளும் ஒருநாள் ஒப்பிட்டுப் பார்த்தால் அழகாக இருக்கும். எதிரே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அறுபதுகளின் இறுதியில் விண்வெளி மையத்துக்காக எடுக்கப்பட்டபோது அங்கிருந்த குடிகள் வெளியேற வேண்டியிருந்தது. ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர் கடலுக்குப் போகக் கூடாது. அறிவியல் நூலில் ராக்கெட் இருக்கிறது. அன்று அடுப்பெரியாத வீடு எந்த நூலில் இருக்க வேண்டும்?

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணுவோருக்கு ஓர் அண்மை நிகழ்ச்சி. ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கும் மேலாக விரிவாக்கும் திட்டத்துக்கு, 2021 ஜனவரி 22இல் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. மீண்டும் 2023 செப்டம்பர் 5க்கு அறிவிக்கப்பட்டது, அதுவும் நடக்கவில்லை. இந்தக் கருத்துக்கேட்பு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் உள்ள கட்டாயம். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் மக்களின் மொழியில் கிடைக்க வேண்டும். பாதிக்கப்படுவோர் சொல்வது பதிவாக வேண்டும். துறைமுகம் வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் இந்த விதி ஒன்றுதான். குப்பங்களில் பலர் இந்த விதிகளை ஐம்பது வயதுக்குமேல், அவசரத்தில், ஆர்வலர்கள் சொல்லக் கேட்டுக் கற்றார்கள். பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் கற்றிருக்க வேண்டிய பாடம் இது. பள்ளியில் அவர்கள் படித்தது குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் எத்தனை ஆண்டு என்பதை.

சட்டம் இதற்குத் தடையாக இருக்கிறதா என்றால், இல்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பாடத்திட்டம் அரசியலமைப்பின் விழுமியங்களுக்கு ஒத்திருக்க வேண்டும், செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டறிவதன் வழியாகவும் கல்வி நடக்க வேண்டும், இயன்றவரை தாய்மொழியில் அமைய வேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் 29ஆம் உறுப்போ தனக்கென மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய எந்தக் குடிமக்கள் பிரிவுக்கும் அதைப் பேணும் உரிமையைத் தருகிறது. எண்கள் ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் அர்வி ஏடு வைத்திருக்கும் வீட்டுக்கு இரண்டுமே பொருந்துகின்றன. அந்த அரசியலமைப்பை எழுதிய அவையில் நம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் இருந்தார். ஆட்சிமொழி விவாதம் நடந்த 1949 செப்டம்பரில் தமிழின் தகுதியை எடுத்துரைத்தவர் அவர். குடிமையியல் பாடத்தில் அரசியலமைப்பு நிர்ணய சபை வரும்போது தமிழாசிரியரோ சமூக அறிவியல் ஆசிரியரோ இந்த ஒன்றைச் சொல்வதை எந்த விதியும் தடுக்கவில்லை.

அரசின் கை எட்டாத இடமும் ஒன்று இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மத்ரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. எனவே மாலை மக்தபில் என்ன வரலாறு கற்பிக்க வேண்டும் என்று எந்த அரசாணையும் சொல்வதில்லை. அங்கே நபிகளார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் வாழ்வும், நான்கு கலீஃபாக்களின் காலமும் கற்பிக்கப்படுகின்றன. சில இடங்களில் அந்தலூசும் உஸ்மானியரும் வருகிறார்கள். கோர்டோபாவின் தூண்களை அறிந்த பிள்ளை, தன் தெருப் பள்ளிவாசலின் கல்தூண்களை யார் நட்டார்கள் என்று அறியாமலே ஓதி முடிக்கிறான். இதற்கு டெல்லியும் பொறுப்பில்லை, சென்னையும் பொறுப்பில்லை.

ஆகவே பாடநூல் குழுவுக்கு மனு எழுத விரும்புவோர் எழுதட்டும். அதற்கும் இடம் இருக்கிறது, ஒவ்வொரு திருத்தத்தின்போதும் மாநிலக் கல்வியியல் நிறுவனம் கருத்து பெறுகிறது. ஆனால் மனுவோடு இணைக்கச் சான்று வேண்டும். சான்று அலமாரிகளில் இருக்கிறது: ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் பதிவேடுகள், மஹராக என்ன கொடுத்தார்கள் என்ற குறிப்பு, வக்ஃபு நிலப் பத்திரங்கள், பர்மாவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள், மையவாடியின் மீசான் கற்கள். ஏரிக் காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. தாள் அங்கே வெளியூரைவிட விரைவாகப் பொடிகிறது. புயல் மழையில் ஒரு முறை நனைந்த கட்டு பிறகு பிரிக்க வருவதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர், வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, முத்தவல்லியின் அனுமதியோடு பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து, ஆண்டையும் பக்க எண்ணையும் எழுதி வைத்தால், சமூக அறிவியல் செயல்திட்டத்துக்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். அரபு எழுத்தில் உள்ள பக்கங்களைப் படித்துச் சொல்ல ஊரில் எண்பதைக் கடந்த சிலரே இருப்பார்கள். முதலில் அவர்களிடம் போக வேண்டும்.